பூனை இருக்கும் வீட்டில் கினிப்பன்றி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராகியும் நிலக்கடலையும் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்த தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் எலித் தொல்லைக்காகவே பூனை வளர்த்தார்கள். மூட்டைகள் குறைந்துபோன பிறகும் பூனை வீட்டில் ஒருவராகத் தங்கிவிட்டது. அந்த வீடுகளுக்கு இப்போது பிள்ளைகளின் ஆசைக்காகக் கினிப்பன்றியும் வந்து சேர்கிறது. கடைக்காரர்கள் ‘கினி பிக்’ என்றும், பெரியவர்கள் சிலர் ‘சீமைப் பெருச்சாளி’ என்றும் சொல்வது இதைத்தான். பெயரில் பன்றி இருந்தாலும் இது பன்றியினம் அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் மனிதர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக வளர்த்துவரும், கொறித்துத் தின்னும் விலங்கு. எலி பிடிப்பதற்கென்று வளர்ந்த பூனையும் எலிக்குத் தூரத்து உறவான இந்தச் சிற்றுயிரும் ஒரே கூரையின் கீழ் வாழ நேரும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று, இரண்டையும் பல ஆண்டுகளாகச் சேர்த்து வளர்த்துவரும் என்னிடம் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு தொகுத்திருக்கிறேன்.

இரண்டையும் ஒரே வீட்டில் வளர்க்க முடியுமா?

முடியும். ஆனால் ஒரே அறையில், இடையில் தடுப்பு எதுவும் இல்லாமல் வளர்க்க முடியாது. பூனைக்கும் கினிப்பன்றிக்கும் இடையே எந்நேரமும் இரண்டு தடைகள் இருக்க வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் விதியாகவே வைத்திருக்கிறோம்: ஒன்று கூண்டின் மூடி, மற்றொன்று அறையின் கதவு. ஒருவர் மறந்து ஒன்றைத் திறந்து வைத்துவிட்டாலும் மற்றொன்று காப்பாற்றும். வாடகை வீட்டில் ஒரே அறைதான் இருக்கிறது, பூனையைத் தனியே அடைக்க வழியில்லை என்பவர்கள் கினிப்பன்றி வாங்குவதைத் தள்ளிப்போடுவதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை.

எங்கள் பூனை மிகவும் சாது. எலியைக்கூடப் பிடிப்பதில்லை. அப்படியும் பயப்பட வேண்டுமா?

நான் அதிகம் கேட்டிருப்பது இந்தக் கேள்வியைத்தான். பூனைக்குப் பசி வேறு, வேட்டை உணர்வு வேறு. வயிறு நிறையச் சாப்பிட்ட பூனையும், கண்முன் ஒரு சிறு உடல் திடீரென்று விருட்டென்று ஓடினால், தன்னையறியாமல் பாய்ந்துவிடும். கினிப்பன்றியின் பழக்கமோ இதற்கு நேர் எதிரானது. அச்சம் வந்தால் முதலில் கல்லாய் உறைந்து நிற்கும். பிறகு சட்டென்று மறைவிடம் தேடி ஓடும். அந்த ஓட்டமே பூனையின் பாய்ச்சலைத் தூண்டிவிடுகிறது. கினிப்பன்றி எழுப்பும் உயர்ந்த ‘வீக், வீக்’ ஒலியையும் பூனையின் காது மிகத் துல்லியமாகக் கேட்கும்.

வளர்ந்த கினிப்பன்றி ஏறத்தாழ 700 கிராமிலிருந்து 1,200 கிராம் வரை எடையிருக்கும் என்பதால், சில பூனைகள் அதன் பருமனைப் பார்த்து ஒதுங்கிப் போவதுண்டு. அந்த ஒதுங்கலை நட்பு என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓராண்டு ஒதுங்கியிருந்த பூனை ஒரு நாள் ஒதுங்காமல் போகலாம்; அந்த ஒரு நாளே போதும். பூனையின் குணம் நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். உண்மையில் நமக்குத் தெரிந்தது நம்மிடம் அது காட்டும் குணம் மட்டுமே.

பூனைக்குட்டியாக இருக்கும்போதே கினிப்பன்றியோடு பழக்கினால்?

சிறு வயதிலேயே கினிப்பன்றியின் வாசனைக்கும் ஒலிக்கும் பழகிய பூனை அதைக் கண்டு பெரும்பாலும் பரபரப்படையாது. அந்த அளவில் பழக்குவது நல்லதுதான். பழகிய பூனையாயினும் தனியே விடக் கூடாது என்பதில் மாற்றமில்லை. பூனைக்குட்டி விளையாட்டாகத் தட்டினாலும் நகம் நகம்தான். கருத்தடை செய்தால் பூனை ஊர் சுற்றுவதும் சண்டையிடுவதும் குறையும், அதற்காகவே செய்யலாம். வேட்டை உணர்வு அதனால் போய்விடுவதில்லை.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

கினிப்பன்றி கூட்டமாக வாழும் விலங்கு என்பதால் குறைந்தது இரண்டு வளர்க்க வேண்டும். இரண்டிற்கு 4 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்ட தரைப்பரப்பு மிகக் குறைந்த அளவு; இடமிருந்தால் 5 அடிக்கு 2 அடியாகச் செய்வது மேல். கிளிக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் விற்கிற கூண்டு இதற்கு உதவாது. அது ஒடுக்கமானது, அதன் கதவு மேலே தூக்கினால் திறந்துகொள்ளும், அடித்தட்டு கம்பியாக இருப்பதால் கினிப்பன்றியின் பாதத்தில் புண் வரும். கிரில் பட்டறையில் சொல்லிச் செய்வதுதான் நம் ஊரில் எளிது, செலவும் கட்டுக்குள் இருக்கும்.

பட்டறையில் சொல்லும்போது சில விஷயங்களை அழுத்திச் சொல்லுங்கள். வலை, அரை அங்குலக் கட்டமுள்ள வெல்டு மெஷ்ஷாக இருக்க வேண்டும். அறுகோணக் கண்ணுள்ள கோழி வலையை வாங்க வேண்டாம். அதன் கம்பி மெல்லியது, பூனை எடை கொடுத்தால் வளையும், கண் பெரிதென்றால் பூனையின் முன்னங்கால் முழுவதும் உள்ளே போகும். சுற்றுச்சுவரின் கீழ்ப்பகுதியை எட்டு அங்குல உயரத்துக்குத் தகடாகவோ பலகையாகவோ அடைத்துவிட்டால், கினிப்பன்றி ஓரத்தில் படுத்திருந்தாலும் நகம் எட்டாது. பூனையின் முகம் எந்நேரமும் அதன் கண்ணில் படுவதும் குறையும். அடித்தட்டு சமமான, கெட்டியான பலகையாக இருக்கட்டும். அதன்மேல் தடித்த பழைய பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக விரித்து அடிக்கடி மாற்றலாம்.

மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தவறு செய்த இடம் அதுதான். தொடக்கத்தில் எங்கள் கூண்டின் மேல் ஒரு கம்பி வலையைப் பரப்பி நான்கு மூலையிலும் சணல் கயிற்றால் கட்டியிருந்தேன். ஆடி மாதத்து இரவொன்றில் காற்றுக்கு ஜன்னல் திறந்துகொண்டு, பூனை உள்ளே வந்து, பரணிலிருந்து நேரே அந்த வலைமேல் குதித்துவிட்டது. நான்கு கிலோ எடையில் வலை தொய்ந்து, மூலைக் கயிறு ஒன்று அறுந்து தொங்கியதைச் சத்தம் கேட்டு ஓடிப்போன பிறகுதான் பார்த்தேன். இரண்டு கினிப்பன்றிகளும் மண்சட்டிக்குள் ஒண்டியிருந்ததால் பிழைத்தன. அதில் ஒன்று மறுநாள் மாலை வரை வாயில் புல் வைக்கவில்லை. அந்த ஒரு நாளை இன்றும் நினைத்தால் மனம் பதைக்கிறது. அன்றிலிருந்து மூடிக்கு இரும்புச் சட்டம், கீல், தாழ்ப்பாள், அதற்கு மேல் ஒரு கொக்கி என்று வைத்திருக்கிறேன். மூடி பூனையின் முழு எடையையும், அது குதிக்கும் விசையையும் தாங்க வேண்டும். கூண்டு வைத்திருக்கும் மேசையும் ஆடக் கூடாது, பரணுக்கு நேர் கீழே இருக்கவும் கூடாது.

கூண்டுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைவிடம் வேண்டும். பக்கவாட்டில் சாய்த்து வைத்த அகன்ற வாய் மண்சட்டி கோடையில் குளிர்ச்சியாகவும் இருக்கும். மரப்பெட்டி வைப்பதானால் இரண்டு வாசல் விடுங்கள். ஒரே வாசல் இருந்தால், ஒன்றை மற்றொன்று உள்ளே மடக்கிவிடும்.

கூண்டை எந்த அறையில் வைப்பது? கதவைச் சாத்தினால் வெக்கையாக இருக்கிறதே?

நம் மாவட்டங்களில் உண்மையான சிக்கல் இதுதான். பூனைக்காகக் கதவை மூடினால் வெயில் கொல்கிறது. வெயிலுக்காகக் கதவைத் திறந்தால் பூனை வருகிறது. கினிப்பன்றிக்கு உகந்த வெப்பநிலை 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். 30 டிகிரியைத் தாண்டும்போது, அதிலும் காற்றோட்டம் இல்லாத இடத்தில், வெப்பத்தாக்கு வந்து இறந்துவிடக்கூடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரிலும் தளியிலும் இருப்பவர்கள் ஓரளவு தப்பித்துக்கொள்ளலாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் சித்திரை, வைகாசி மாதங்களில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையோ இதற்கு ஆகவே ஆகாது.

ஆகவே தரைத்தளத்தில், வடக்கு அல்லது கிழக்குப் பக்கமாக, மேற்கு வெயில் சுவரில் விழாத அறையைத் தேர்ந்தெடுங்கள். அறைக் கதவை மூடிவைப்பதற்குப் பதிலாக, அதே நிலையில் கம்பி வலைக் கதவு ஒன்றை இரண்டாவதாக மாட்டிவிடுங்கள். ஜன்னலுக்கும் அதே வலை. நைலான் கொசுவலையைப் பூனை நகத்தால் கிழித்துவிடும் என்பதால் கம்பி வலையாகவே போடுங்கள். இவ்வாறு செய்தால் காற்றும் வரும், மின்தடை நாளில் மின்விசிறி நின்றுபோனாலும் கதவைத் திறந்துவைக்க வேண்டிய கட்டாயம் வராது. நண்பகலில் கூண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ஈரத்துணியைத் தொங்கவிட்டு, தரையில் நனைத்த மண் ஓடு ஒன்றை வைத்தால் அவை தாமாகவே அதன்மேல் வந்து படுத்துக்கொள்ளும். உடலை நீட்டிக் கிடந்து, வேகமாக மூச்சு வாங்கி, வாயோரம் எச்சில் வடிந்தால் அது வெப்பத்தாக்கு. குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் காதுகளையும் பாதங்களையும் ஒற்றியபடியே உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்கக் கூடாது.

பூனை கூண்டின் எதிரே மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. தொடுவதில்லை. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. நமக்கு அது அழகான காட்சியாகத் தோன்றலாம். கூண்டுக்குள் இருப்பதற்கோ வேட்டையாடும் விலங்கு தன்னை விட்டு நகராமல் நிற்கிறது என்பதுதான் பொருள். அச்சம் நீடித்தால் கினிப்பன்றி தின்பதை நிறுத்திவிடும். அதன் குடல் எந்நேரமும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டியது. அரை நாள் தின்னாவிட்டாலே குடல் இயக்கம் மந்தமாகி, பிறகு மீட்பது கடினமாகிவிடும். உடலில் ஒரு கீறலும் இல்லாமல், அச்சத்தினாலேயே ஒரு கினிப்பன்றியை இழக்க முடியும் என்பதை வளர்ப்பவர்கள் பலர் அறிவதில்லை.

பூனை உடலைத் தாழ்த்திப் பதுங்குவது, கண்மணி விரிவது, வால் நுனி மட்டும் துடிப்பது, பின்பக்கத்தை அசைப்பது ஆகியவை பாய்ச்சலுக்கு முந்தைய குறிகள். அப்போது அதட்டாமல், அடிக்காமல், தூக்கி வேறு அறையில் விட்டு, ஒரு கயிற்றையோ பந்தையோ கொடுத்து அந்த வேகத்தை அங்கே செலவிடச் செய்யுங்கள். அடித்தால் நம்மைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொள்ளுமே தவிர, நாம் இல்லாத நேரத்தில் கூண்டருகே போகாமல் இருக்கக் கற்றுக்கொள்ளாது. “பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்” என்று பழிப்பாகச் சொல்வார்கள்; இந்த வீட்டில் நாம் உண்மையாகவே இரண்டுமாக இருக்க வேண்டியிருக்கிறது.

கினிப்பன்றியை வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே எடை சொல்லிவிடும்.

கூண்டுக்கு வெளியே எப்போது விடலாம்?

நாள்தோறும் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். முதலில் பூனை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். “தோட்டத்தில்தான் இருக்கும்” என்ற ஊகம் போதாது. கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்கு மேலும் பார்த்து, பூனையை வேறு அறையில் தாழிட்டு, அதற்கு உணவும் வைத்த பிறகே கூண்டைத் திறக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் அறிந்துகொள்ள, எங்கள் வீட்டில் அறைக் கதவின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவோம். துணி இருக்கும்வரை யாரும் அந்தக் கதவைத் திறக்க மாட்டார்கள். பிள்ளைகள் கினிப்பன்றியை மடியில் வைத்துக் கொஞ்சும்போது பூனையும் அருகில் வந்து உட்காருவதை அனுமதிக்கக் கூடாது. பதறிய கினிப்பன்றி கையிலிருந்து துள்ளி விழுந்து கால் முறிந்துபோவதுண்டு.

பூனையின் கழுத்தில் மணி கட்டினாலோ நகத்தை வெட்டினாலோ போதாதா?

போதாது. மணியோசை கேட்டாலும் கூண்டிலிருப்பது எங்கே ஓடும்? நகநுனி வெட்டுவது நல்ல பழக்கம்தான், ஆனால் பற்கள் இருக்கின்றனவே.

நாங்கள் பூனை வளர்ப்பதில்லை. ஓட்டு வீடு; தெருப் பூனைகள் வருகின்றன. தோட்டத்தில் கீரியும் உண்டு.

வளர்ப்புப் பூனையைவிட இது கூடுதல் ஆபத்து. எந்த நேரத்தில் வரும் என்று நமக்குத் தெரியாது. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து வழியாகத் தெருப் பூனை எளிதாக இறங்கிவிடும். காடு ஒட்டிய ஊர்களில் காட்டுப்பூனையும் இரவில் வரும். திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ கூண்டை வைக்க வேண்டாம். சிந்திய தானியம் எலியை இழுக்கும், எலி சாரைப்பாம்பை இழுக்கும்; அரை அங்குல வலை போட்டிருந்தால் பெரிய பாம்பும் கீரியும் நுழைய முடியாது. இருட்டும் முன் மீதித் தீனியை எடுத்துவிட்டுப் பெருக்கிவிடுங்கள், புல்லை மட்டும் விட்டுவையுங்கள்.

பூனை கீறிவிட்டது, அல்லது கடித்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அதே நாளில், கூடுமானால் சில மணி நேரத்திற்குள், கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூனையின் பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும். மேலே ஒரு புள்ளிதான் தெரியும், ரோமம் அதையும் மறைத்துவிடும். பூனையின் வாயில் இயல்பாகவே வாழும் பாஸ்டுரெல்லா என்னும் நுண்ணுயிரி உள்ளே சென்று இரண்டொரு நாளில் சீழ்க்கட்டியாகவும், இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகவும் மாறும். ரோமத்தை விலக்கி உடல் முழுவதும் பாருங்கள். கொதித்து ஆறிய நீர் கால் லிட்டரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சளை அப்ப வேண்டாம். காயத்தின் வாய் அடைபட்டு உள்ளே சீழ் தங்கும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின் போன்றவற்றை வாய்வழியே கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து, நச்சு உண்டாக்கும் கிருமிகள் பெருகி, சில நாட்களில் அது இறந்துவிடும். நாய்க்கும் பூனைக்கும் அன்றாடம் கொடுக்கும் மருந்து என்பதால், மருந்து எழுதுபவரிடமும் “இது கினிப்பன்றி, பென்சிலின் வகை ஆகாது” என்று பணிவோடு நினைவூட்டுவதில் தவறில்லை.

பிரித்துவிடும்போது உங்கள் கையிலும் பூனை கீறியிருந்தால், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். பூனையாலும் ரேபிஸ் பரவும். உங்கள் பூனைக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எந்த மருத்துவரிடம் போவது?

நம் பகுதியில் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி, நாய் ஆகியவற்றைப் பார்த்துப் பழகியவர்கள். கினிப்பன்றியைப் பார்ப்பார்களா என்று நோய் வருவதற்கு முன்பே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். சிறு விலங்குகளைப் பார்க்கும் மருத்துவர்கள் அங்கே உண்டு. தருமபுரிக்காரர்கள் சேலத்தில் விசாரிக்கலாம், அல்லது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். பயணத்தின்போது பூனையின் கூடையில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். அந்த வாசனையே அதை நடுங்க வைக்கும்.

ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கு நோய் பரவுமா?

சில நோய்கள் பரவும். பூனை, நாய், முயல் ஆகியவற்றின் மூச்சுப்பாதையில் அவற்றுக்குப் பெரிய தொல்லை தராமலே இருக்கக்கூடிய போர்டெடெல்லா என்னும் கிருமி, கினிப்பன்றிக்கு நிமோனியாவை உண்டாக்கும். படர்தாமரை மூவருக்கும் பொது: பூனை, கினிப்பன்றி, நாம். பூனையின் தெள்ளுப்பூச்சி கினிப்பன்றிமீதும் ஏறும். அதற்காகப் பூனைக்கு வாங்கிய சொட்டு மருந்தைக் கினிப்பன்றிக்கு விடாதீர்கள். மருத்துவர் எடைக்கேற்பச் சொல்வதை மட்டுமே பயன்படுத்த வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனையையே கொன்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும் என்பதால், அது மண்ணைக் கிளறி மலம் கழிக்கும் பாத்தியிலிருந்து புல்லோ கீரையோ பறிக்க வேண்டாம். வைக்கோல், உலர்புல் மூட்டைமேல் பூனை ஏறிப் படுக்காதபடி மூடி வையுங்கள்.

தீவனமாக எதைக் கொடுப்பது?

உணவில் பெரும்பகுதி புல்லாக இருக்க வேண்டும். பல் வாழ்நாள் முழுவதும் வளர்வதால் தேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். அருகம்புல்லையும் கொழுக்கட்டைப் புல்லையும் பச்சையாகவும் நிழலில் உலர்த்தியும் கொடுக்கலாம். குதிரை மசால் என்னும் தீவனப் பயிரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால் அதைக் குட்டிகளுக்கும் சினையாக இருப்பதற்கும் மட்டும் கொடுங்கள். மனிதரைப் போலவே கினிப்பன்றியாலும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் விளையும் குடைமிளகாய் இதற்கு மிகச் சிறந்தது. நாளுக்கு 25 கிராம் துண்டு போதும். பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளி மலிவாகக் கிடைக்கும்போது பழுத்த பழத்தில் சிறு துண்டு கொடுக்கலாம். தக்காளிச் செடியின் இலையும் தண்டும் நஞ்சு. பூனை உணவைக் கினிப்பன்றிக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், அது இறைச்சி உண்ணும் விலங்கு அன்று.

குட்டி போட்டால் என்ன கூடுதல் கவனம் வேண்டும்?

சினைக்காலம் 59 முதல் 72 நாட்கள் வரை. குட்டிகள் கண் திறந்து, ரோமத்தோடு பிறந்து, சில மணி நேரத்திலேயே ஓடத் தொடங்கும். ஒவ்வொன்றும் 100 கிராமை ஒட்டியே இருக்கும் என்பதால், பெரியதைக் கண்டு ஒதுங்கிய பூனையும் இதை எலியாகவே காணும். ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளியுள்ள கம்பிகளுக்கிடையே இவை நழுவி வெளியே வந்துவிடும். பிறப்பதற்கு முன்பே கூண்டின் சந்துகளைச் சரிபாருங்கள். ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் பிரித்துவிட வேண்டும், இல்லையேல் குட்டிகள் பெருகி, காப்பாற்ற வேண்டிய கூண்டுகளும் பெருகும்.

தீபாவளிக்கும் ஊர்த்திருவிழாவுக்கும் வெளியூர் போக வேண்டியிருக்கிறது. பார்த்துக்கொள்ள வருபவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

வெடிச்சத்தத்துக்குப் பயந்த பூனை இருட்டான மூலை தேடி ஓடும். அது பெரும்பாலும் கினிப்பன்றி அறையாகவே இருக்கும். ஆகவே பட்டாசு நாட்களில் பூனையை முன்கூட்டியே ஓர் அறையில் விட்டுத் தாழிடுங்கள். வருபவரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள்: முதலில் பூனை எங்கே என்று பார்க்கவும்; வலைக்கதவைச் சாத்திய பிறகே கூண்டைத் திறக்கவும்; புல், நீர், குடைமிளகாய் வைக்கவும்; கினிப்பன்றிகள் இரண்டும் தின்கின்றனவா என்று நின்று பார்க்கவும்; மூடியில் தாழ்ப்பாள், கொக்கி இரண்டையும் போடவும்; தின்னாவிட்டால் உடனே தொலைபேசியில் அழைக்கவும். கீழே மருத்துவரின் எண்ணை எழுதி, புறப்படும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ள வருபவரையே அந்தக் கூண்டைத் திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள்.